ஈயின் இரு சிறகும் தேனீயின் நாற்சிறகும்



திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியமலையின் அடிவாரத்தில் உள்ளது போனக்காடு. தேயிலை பறிக்க மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் லயங்கள் அமைந்த ஊர் அது. அத்தகைய லயத்துத் திண்ணையில் ஒரு பழுத்த பலாச்சுளையை வைத்தால் போதும். சிறு பழ ஈயும் வரும், தேனீயும் வரும். இவ்விரண்டுக்கும் எத்தனை சிறகுகள் என்று கேட்டால், இரண்டு என்றே பலரும் சொல்வர். உண்மையில் தேனீக்கு நான்கு. முன்சிறகையும் பின்சிறகையும் நுண்ணிய கொக்கிகளால் கோத்துக்கொண்டு அது பறப்பதால் நம் கண் ஏமாறுகிறது. ஈக்கோ இரண்டே சிறகுகள். பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில், காம்பின் நுனியில் ஒரு சிறு குமிழ் உண்டு. பறக்கும்போது அது அதிர்ந்து ஈயின் சமநிலையைக் காக்கிறது.

ஒன்றில் சிறகாகவும் மற்றொன்றில் குமிழாகவும் அமையும்படி ஆணையிடுவது எது? இக்கேள்விக்கு விடை தேடியோருள் நம் நாட்டவரும் உளர் என்பதாலேயே இதனை இன்று எடுத்துக்கொண்டேன்.

1915-இல் அமெரிக்க அறிஞர் கால்வின் பிரிட்ஜஸ், குமிழ் ஓரளவு சிறகுபோல் மாறியிருந்த ஒரு பழ ஈயைக் கண்டார். அக்குறையின் வழியைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த எட்வர்டு லூயிஸ், முழுமையான நான்கு சிறகுள்ள ஈயையே உருவாக்கிக் காட்டினார். இத்துறைப் பணிக்காக 1995-இல் அவருக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. ஈயின் மார்பில் மூன்று கண்டங்கள் உண்டு. மூன்றாம் கண்டத்தில் 'அல்ட்ராபைத்தோராக்ஸ்' என்னும் மரபணு வேலை செய்கிறது. அது ஆக்கும் புரதம் பிற மரபணுக்களை ஏவியும் அடக்கியும் சிறகைத் தடுத்துக் குமிழை அமைக்கிறது. அது அங்கே செயலற்றுப் போனால் குமிழின் இடத்தில் சிறகு தோன்றும்.

இவ்வாறு தலை முதல் வால் வரை உடலின் பகுதிகளை வகுக்கும் மரபணுக்களை ஹாக்ஸ் மரபணுக்கள் என்பர். ஈக்கு எட்டு, மனிதருக்கு முப்பத்தொன்பது. இவை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஒரு பகுதி இருப்பது 1984-இல் வெளியாயிற்று. அப்பகுதி தரும் 60 அமினோ அமிலங்களே டி.என்.ஏ.யைப் பற்றும் கை. கை ஒன்றுபோல் இருப்பதால், அது தேடிப் பற்றும் எழுத்துக்களும் பெரும்பாலும் ஒன்றாகவே உள்ளன. அங்ஙனமாயின் ஒன்று காலையும் மற்றொன்று சிறகையும் வேறொன்று வயிற்றையும் வகுப்பது எவ்வாறு? புதிர் இதுவே.

எல்.எஸ்.சசிதராவும் அவருடைய குழுவினரும் முதலில் ஐதராபாத்திலும் பின்னர் புனேயிலும் இதனை ஆராய்ந்தனர். தேனீயின் மூன்றாம் கண்டத்திலும் அல்ட்ராபைத்தோராக்ஸ் இருக்கிறது, பட்டுப்பூச்சியிலும் இருக்கிறது. ஆயினும் அங்கே நல்ல பின்சிறகு முளைக்கிறது. அப்படியானால் தேனீயின் புரதம் வலுவற்றதோ? அதனையே பழ ஈயினுள் புகுத்திப் பார்த்தனர். ஈயின் சிறகு வளர்ச்சி அடங்கிற்று! பட்டுப்பூச்சியின் புரதமும் அவ்வாறே செய்தது. ஆணை அதுவே, ஆணையைக் கேட்போர்தாம் வேறு.

முற்காலக் கங்காணியின் சீழ்க்கையை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து மலையில் அது கேட்டால் கூடைகள் முதுகில் ஏறும்; கவ்வாத்து மலையில் கேட்டால் கத்திகள் கைக்கு வரும். சீழ்க்கை ஒன்றுதான்.

இக்குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அப்புரதம் நேரே சென்று பற்றும் மரபணுக்களில் பெரும்பாலானவை இனத்துக்கு இனம் வேறு. ஆயினும் சிறகமைக்கும் மரபணுக்களுள் கணிசமானவற்றை மூன்று பூச்சிகளிலும் அது பற்றுகிறது. அவற்றின் கிளைகள் பிரிந்து சுமார் 30 கோடி ஆண்டுகள் ஆகியும் இப்பிடி விடவில்லை. ஆனால் அவற்றுட் பலவற்றின் அளவு ஈயில் மட்டுமே சிறகுக்கும் குமிழுக்கும் இடையே வேறுபடுகிறது. தேனீயில் முன்சிறகுக்கும் பின்சிறகுக்கும் வேறுபாடு இல்லை. அம்மரபணுக்களின் அருகே ஆணையை ஏற்கும் டி.என்.ஏ. எழுத்துக்கள் மாறியதும் இதற்கு ஒரு காரணம் என்பது அவர்கள் கருத்து.

துணை நிற்போரும் உளர். ஹாக்ஸ் புரதங்கள் தனித்து நிற்கும்போது ஒன்றையொன்று ஒத்தே நடக்கின்றன. எக்ஸ்ட்ராடென்டிகிள் என்னும் துணைப்புரதம் உடன் சேர்ந்ததும் ஒவ்வொன்றும் தனக்குரிய எழுத்துக்களை நாடுகிறது. 2011-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இதனை நிறுவினர்.

எனக்குப் பெருவியப்பு அளித்தது எலிகளில் நடந்த சோதனைதான். ஹாக்ஸ் ஏ3 இல்லாத எலிக்குத் தைமஸ் சுரப்பி இராது. ஹாக்ஸ் டி3 இல்லாததற்குக் கழுத்தின் முதல் எலும்புகள் கெடும். 2000-ஆம் ஆண்டில் மாரியோ கபெக்கியின் ஆய்வகத்தார் இவ்விரு மரபணுக்களின் புரதம் தரும் பகுதிகளை இடம் மாற்றி வைத்தனர். எலிகள் குறையின்றிப் பிறந்தன. ஆகவே இவ்விரண்டின் வேறுபாடு புரதத்தில் இல்லை. எங்கே, எந்த அளவில் ஆக்கப்படுகிறது என்பதில் இருந்தது. ஒரே விடையால் எல்லாப் பூட்டும் திறவாது போலும்.

இது பூச்சியோடும் எலியோடும் நிற்கும் செய்தியன்று. சில குழந்தைகள் நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டி, இடையே ஒரு மிகுவிரலும் கொண்டு பிறக்கின்றன. தாய் கிரகணத்தின்போது வெளியே நடந்தாள் என்று ஊரார் பழி சொல்வர். அயலூரில் வாழும் இளந்தாய்க்கு அப்பழி இன்னும் கனக்கும். விரல் ஒட்டுவதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் இவ்வகை, பல குடும்பங்களில் ஹாக்ஸ் டி13 என்னும் மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் வருவது என்பது 1996-இல் தெரிந்தது. அப்புரதத்தில் அலனின் என்னும் அமினோ அமிலம் 15 முறை தொடர்ந்து வரவேண்டும். இக்குழந்தைகளில் அது ஏழு அல்லது அதற்கு மேலும் மிகுந்துவிடுகிறது. இம்மாற்றம் தாய்வழியும் வரலாம், தந்தைவழியும் வரலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருப்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆதலின் மருத்துவர் முதலில் பார்க்க விரும்புவது பெற்றோர் இருவரின் கைகளையே. கிரகணம் எந்நாளில் வந்தது என்று அவர் கேட்பதில்லை.