பொடியின் விலையும் கைவேலையின் கூலியும்

(கெங்கவல்லி வட்டாரக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மகளிர் சுயஉதவிக் குழுவினர் நடத்தும் அழகு நிலையங்களில் நாம் ஓயாமல் கேட்பது இது: "மருதாணிப் பொடி என்ன விலை? அதற்கா இவ்வளவு கூலி?" விலையை மறைப்பதில் பயனில்லை, 2011ஆம் ஆண்டு விதிகளின்படி அது பொட்டலத்திலேயே அச்சாகியுள்ளது. ஆயின் அவ்விலை பொட்டலத்தை விற்பதற்கே உரியது. பொடியைக் குழைத்துப் பூசி, அலசிவிடும் வேலைக்கு அன்று.

வேலைவாரியாகக் கூலிப் பட்டியலைச் சுவரில் மாட்டுங்கள். கேட்போரிடம் முகம் சுளியாமல், வாடகை, மின்சாரம், உழைப்பு, வங்கித் தவணை எல்லாம் இதில் அடக்கம் என்றால் போதும். கணக்கு நோட்டை விரிக்க வேண்டுவதில்லை. மரவள்ளிக்கிழங்கு வாங்கும் வியாபாரி நமது உழவுச் செலவைத் துருவித் துருவிக் கேட்டு விலை வைத்தால் நாம் பொறுப்போமா? உறவினருக்கு மட்டும் குறைத்தாலோ (இதுதான் பெருந்தொல்லை), மறுநாளே ஊர் முழுவதும் அவ்விலைக்குக் கேட்கும்.