பிரம்பு நாற்காலி



என் தந்தையார் விட்டுச்சென்ற பிரம்பு நாற்காலி ஒன்று தஞ்சையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றது. அதன் இருக்கைப் பின்னல் தொய்ந்து நடுவே அறுந்தபோது, ஒரு பலகையை மேலே வைத்து ஆணி அறைந்துவிட்டேன். ஆசிரியப் பயிற்சியில் கைத்தொழில் பயின்றவன் செய்த காரியம் அது! பிரம்பு கோக்கும் துளைகளில் இரண்டு பிளந்துபோயின. தந்தையார் அமர்ந்த ஆசனத்தை நானே கெடுத்தேனே என்ற வருத்தம் என்னை உறங்கவிடவில்லை.

சீர்காழியை அடுத்து, கொள்ளிடத்திற்கு அருகில் தைக்கால் என்றோர் ஊர் உண்டு. கோரைப்பாய்க்கும் பிரம்புச் சாமான்களுக்கும் பெயர்பெற்றது. கோரை நம் ஆற்றுப்படுகையில் விளைவது. பிரம்போ அசாம் போன்ற மழைவளம் மிக்க காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும், பனைக்குடும்பத்துக் கொடி. நாற்காலியை அங்கே கொண்டுசென்றேன்.

"ஐயா, பிரம்பு அறுந்தால் மாற்றலாம். சட்டத்தை ஏன் அடித்தீர்கள்?" என்றார் தொழிலாளி. மாணாக்கனைப் போல் தலைகுனிந்து நின்றேன்.

அவர் பிளந்த துளைகளில் பசையிட்டு மரமுளை அடைத்தார். காய்ந்தபின் புதிதாகத் துளையிட்டார். நீரில் ஊறிய பட்டையை நெடுக்கே இருமுறை, குறுக்கே இருமுறை, மூலைவாட்டில் இருபுறமும் ஒவ்வொரு முறை ஓட்டினார். கடைசி ஓட்டத்தில்தான் எண்கோணக் கண்கள் தெளிவாகப் புலப்பட்டன. ஈரம் உலர உலரப் பின்னல் தானே இறுகிற்று.

"தொய்வு கண்டால் அடிப்புறத்தை ஈரத்துணியால் நனைத்து உலரவிடுங்கள். மேற்புறம் வழவழப்பான தோல், நீரை ஏற்காது" என்றார்.

முளை அடைத்த இடம் இன்றும் நிறம் வேறாகத் தெரிகின்றது. திண்ணைக்கு வருவோர் முதலில் அங்கேதான் விரலை வைக்கிறார்கள்.