ஆண்களுக்கு நீர்க்கடுப்பு: மருத்துவரை நாடுவது எப்பொழுது?

(தாசேக் கெலுகோர் வட்டாரத் தோட்ட மக்களுக்கான உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், ஆண்கள் பலரும் வாய்விட்டுப் பேசத் தயங்குகின்ற ஒன்றாகும். கால் முறிந்தால் நால்வர் கூடித் தூக்கிச் செல்கின்றனர். காய்ச்சல் கண்டால் விடுப்புக் கேட்கின்றோம். சிறுநீர் கழிக்கும்பொழுது எரிகிறது என்றால் மட்டும், இல்லத்தரசிக்கும் தெரியாமல் மறைத்துக்கொள்கின்றோம். "சூட்டினால் வந்தது, இளநீர் குடித்தால் அடங்கிவிடும்" என்று நமக்கு நாமே சமாதானமும் கூறிக்கொள்கின்றோம்.

அந்தச் சமாதானத்தில் ஓரளவு உண்மை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். வெயிலில் செம்பனைக் குலை வெட்டுபவருக்கும் சுமப்பவருக்கும் நீர் பெரும்பாலும் வியர்வையாகவே வெளியேறிவிடுகிறது. எஞ்சிய சிறுநீர் மஞ்சளித்து, செறிவு மிகுந்து, கழியும்பொழுது எரிகிறது. தண்ணீரோ பார்லித் தண்ணீரோ நிறையக் குடித்து அன்றே அது தணிந்துவிட்டால் கவலைக்கு இடமில்லை. இவ்வாறு நாள்தோறும் நீர் குறையக் குறைய, சிறுநீரகத்தில் கல் தோன்றவும் வாய்ப்புப் பெருகும் என்பதனால், வேலைக்குச் செல்லும்பொழுது தண்ணீரை உடன் கொண்டு செல்லுதல் நலம்.

ஆயினும், ஓரிரு நாள் கடந்தும் எரிச்சல் நீங்காவிடில் அதனைச் சூடு என்று எண்ணியிருத்தல் தகாது. காரணம் யாதெனில், பெண்களுக்கு நீர்த்தாரை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆண்களுக்கோ ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அவ்வளவு தொலைவு கிருமிகள் எளிதில் ஏறிவிடுவதில்லை. ஏறிவிட்டன என்றால், பெரும்பாலும் அவற்றிற்கு வழிவிட்ட குறை ஒன்று உள்ளே இருக்கும். அது கல்லாக இருக்கலாம். வீங்கிய புரோஸ்டேட் சுரப்பியாக இருக்கலாம். இதுகாறும் கண்டறியப்படாத நீரிழிவாகவும் இருக்கலாம். ஆகவே ஆண்களுக்கு வரும் நீர்க்கடுப்பை மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் அந்த ஓரிரு நாள்கூடக் காத்திருக்கலாகாது.

இனி, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகளைக் கூறுவோம்.

வயதான ஒருவரை எண்ணிப் பாருங்கள். பல மாதங்களாக அவர் இரவில் நான்கு முறை எழுந்திருக்கின்றார். நீரோ மெலிந்து, விட்டுவிட்டு வருகின்றது. "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகின்றார். ஒருநாள் சளிக்காகக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகின்றார். அன்றிரவு ஒரு சொட்டு நீரும் வரவில்லை. அடிவயிறு பானைபோல் உப்பி, வலி உயிரை வாங்குகின்றது. சளி மாத்திரைகள் சில, புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு இவ்வாறு நீரை அடைத்துவிடுவது உண்டு. வீட்டார் அன்போடு பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கின்றனர். வெளியேற வழியில்லாத பையில் மேலும் நீரை ஊற்றினால் வேதனை வளருமே அன்றிக் குறையாது. சூட்டிற்கு நல்லதாகிய அதே பார்லித் தண்ணீர் அடைப்பிற்கு ஆகாது. மருத்துவமனையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி நீரை வடித்தால் சில நிமிடங்களில் அவர் நிம்மதியாக மூச்சுவிடுவார். காலந்தாழ்த்தினால் சிறுநீரகங்களே பழுதாகலாம்.

நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால், அல்லது விலாப்புறத்தில் கல்லடைப்பு வலியோடு காய்ச்சல் கண்டால், கிருமி இரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். அதற்கும் விடியும்வரை காத்திருத்தல் கூடாது.

பையன்களைப் பற்றியும் ஒரு சொல். விரை திடீரென்று கடுமையாக வலித்தால், அது முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் சரிசெய்தால்தான் அதனைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி. வெட்கத்தினால் பிள்ளைகள் இதனை "வயிற்று வலி" என்றே சொல்வார்கள். பெற்றோர்தாம் துருவிக் கேட்க வேண்டும்.

வயலும் தோட்டமும் சூழ்ந்த நம் செபராங் பிறை பகுதியினர் அறிந்திருக்க வேண்டிய நோய் இன்னொன்றும் உண்டு. 1911ஆம் ஆண்டில் இரங்கூனில் விட்மோர் என்பவரும் கிருஷ்ணசாமி என்பவரும் ஆகிய இரு மருத்துவர்கள், அதுவரை அறியப்படாத கிருமி ஒன்றைக் கண்டறிந்தனர். அது உண்டாக்கும் நோய் இன்று மெலியோய்டோசிஸ் எனப்படுகிறது. ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் அக்கிருமி, காலில் உள்ள சிறு புண் வழியாகவும் உடலுள் புகும்; நீரிழிவுக்காரரை மிகுதியாகத் தாக்கும். நுரையீரலைப் பற்றுவதோடு, ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியில் சீழ்க்கட்டியையும் உண்டாக்கும். அப்பொழுது தோன்றுவது காய்ச்சலும் நீர்க்கடுப்பும் நீரடைப்புமே. ஆதலின் மருத்துவரிடம் நோயைச் சொல்வதோடு நில்லாமல், "நான் சேற்றில் வேலை செய்பவன், எனக்கு இனிப்பு நீர் உண்டு" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அச்சொல் அவருக்குப் பெரிய துப்பு.

சிறுநீரில் இரத்தம் கண்டால், வலி இல்லாவிட்டாலும், ஒரே முறை வந்து நின்றுவிட்டாலும் காட்டியே தீரவேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு இது நீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். (சிவப்பு டிராகன் பழம் தின்ற மறுநாள் நீர் சிவந்து போனதைக் கண்டு அஞ்சியவர்களும் உண்டு. அந்த நிறம் ஓரிரு நாளில் போய்விடும். ஐயம் இருந்தால் சோதித்துவிடுவதே மேல்.)

நீர்த்தாரையில் சீழ் வடிந்தால் அது பெரும்பாலும் உடலுறவினால் தொற்றிய நோய். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. ஆனால் துணைவரும் உடன் மருந்து உட்கொள்ளாவிடில் நோய் திரும்பத் திரும்ப வரும். இதனை மறைப்பவர் தம் மனைவிக்கும் சேர்த்துத் தீங்கு செய்கின்றார் என்பதை வெளிப்படையாகவே கூறுகின்றோம்.

மருந்தகத்தில் என்ன செய்வார்கள் என்ற அச்சமே சிலரைத் தடுக்கிறது. தூய குப்பியில் சிறுநீர் கேட்பார்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரையும் பார்ப்பார்கள். புரோஸ்டேட்டில் ஐயம் இருப்பின் ஆசனவாய் வழியே விரலால் சோதிப்பார்கள். அது ஒரு நிமிட வேலை. மருத்துவருக்கு அன்றாட அலுவல். மாத்திரை கொடுத்தால் குறைந்தது ஒரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் உட்கொள்ள நேரும். எரிச்சல் நின்ற மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்தி, எஞ்சியதை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் தாராளம் வேண்டா.

அரசாங்க மருந்தகத்தில் நாட்டின் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளியே. இரவில் அவசரம் நேர்ந்தால் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையும் செபராங் ஜெயா மருத்துவமனையும் உள்ளன. வண்டி கிடைக்காவிடில் 999 என்ற எண்ணை அழைக்கலாம்.

நம் பேச்சு முடிந்ததும் சற்று நேரம் இங்கேயே இருப்போம். கூட்டத்தில் கேட்கக் கூசுகின்றவர்கள் அந்த ஓரத்திற்கு வந்து தனியே கேட்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.