ஹைதராபாத் ஆசிரியர் ரஹீம்



நம் மஸ்கெலியாவில் சமதரை கிடைப்பது அரிது. பந்தை ஓங்கி உதைத்தால், தேயிலைச் சரிவில் இறங்கித்தான் எடுத்துவர வேண்டும். “மைதானமில்லாத பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் எதற்கு?” என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர்களை எண்ணியே ஓர் ஆசிரியரைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம்.

ஹைதராபாத்தில் 1909இல் பிறந்த சையத் அப்துல் ரஹீம், உஸ்மானியாப் பல்கலைக்கழகக் குழுவில் பந்தாடியவர். பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். பின் உடற்கல்வியும் பயின்று மாணவரின் விளையாட்டுகளைப் பொறுப்பேற்றார். அந்த ஆசிரியரிடமே 1950இல் இந்தியக் குழு ஒப்படைக்கப்பட்டது. 1951இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்ற படுதோல்வி! வெறுங்காலுடன் ஆடியோர் பலர் அக்குழுவில் இருந்தனர். அதன்பின் பூட்ஸ் கட்டாயமாயிற்று. 1956இல் மெல்பேர்ணில் அவருடைய குழு அவுஸ்திரேலியாவை 4–2 என வென்று நான்காம் இடம் பெற்றது.

அவர் பழக்கிய முறையே நமக்கு வேண்டியது. வலக்கால் பழகியவன் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று தனிப் போட்டிகள் நடத்தினார். பந்தை வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடாமல், வந்தவுடன் தோழனுக்குத் தட்டிவிட வேண்டும் என்றும் போட்டி வைத்தார். இதற்கு என்ன செலவு? இரண்டு லயங்களுக்கு நடுவிலுள்ள வாசல் போதாதா?

1962இல் ஜகார்த்தா சென்றபோது புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோல்வி. தலையில் தையலோடிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்னணிக்கு மாற்றினார். யாருக்குத் துணிவு வரும்? இறுதியாட்டத்தில் அதே தென்கொரியா. கூட்டமோ இந்தியருக்கு எதிராகக் கூச்சலிட்டது. கோல் காத்தவர் தங்கராஜ். பி. கே. பானர்ஜி ஒன்றும், ஜர்னைல் ஒன்றும் போட, 2–1 எனத் தங்கம் கிடைத்தது. அடுத்த ஜூனில் ரஹீம் மறைந்தார்.

பந்துக்காகவாவது பள்ளிக்கு வரும் பையன் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறான். அவனும் நின்றுவிட்டால் கொழும்புக் கடைதான். ஆதலால் வரும் சித்திரையில் இம்மன்றம் ஓர் இடக்கால் போட்டி நடத்த வேண்டுமெனக் கேட்கிறோம். பெண்பிள்ளைகளுக்கும் ஒன்று வையுங்கள். கிண்ணம் சிறிதாயினும் குறையில்லை. முதற் பந்தை நாமே வாங்கித் தருகிறோம்.