கற்பவரை அறிந்து பாடம் அமைப்போம்

(மகாவீர் ஜயந்தி விழாவையொட்டி அமராவதி நகரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் அறத்தின் அடிப்படைகளையும், நம் முன்னோர் தமிழுக்கு அளித்த நூல்களையும் பாதி இணையவழியிலும் பாதி நேர்வகுப்பிலுமாகக் கற்பிக்க நம் அறக்கட்டளை முடிவு செய்திருக்கிறது. பாராட்டத்தக்க முடிவு. பாடங்களை எப்போது பதிவு செய்யத் தொடங்கலாம் என்று நிருவாகிகள் என்னிடம் கேட்டார்கள். பதிவுக்கு முன்னே முடிக்க வேண்டிய பணி ஒன்று இருக்கிறது. படிக்கப்போகிறவர் யார், அவருக்கு எது தெரியும், எது வேண்டும், எப்போது படிக்க இயலும் என்று அறிந்துகொள்வதே அப்பணி. இன்றைய கல்வியாளர் இதனைக் 'கற்போர் தேவைப் பகுப்பாய்வு' என்பர். பெயர் புதிது; கருத்து நம் வீட்டுச் சொத்து.

13ஆம் நூற்றாண்டளவில் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் நம்மவர். எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன், அந்நூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் வகுத்துரைக்கிறது. காலத்தையும் இடத்தையும் நோக்கி, கற்பவன் எவ்வாறு ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு கொடுப்பதே பாடம் சொல்லும் முறை என்கிறது. மாணாக்கரை அன்னம், பசு, நிலம், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டு உவமைகளால் வேறுபடுத்துகிறது. இவற்றுள் பின்னைய நான்கும் கடை மாணாக்கருக்கு உரியவை. இன்று நாம் இதனை இகழ்ச்சியாகக் கொள்ளாமல், எவருக்கு எவ்வகை உதவி தேவை என்பதற்கான குறிப்பாகக் கொள்ளலாம். ஊற்றியதெல்லாம் ஒழுகும் குடத்துக்கு மீண்டும் மீண்டும் ஊற்ற வேண்டும். பதிவு செய்த பாடம் அதைச் சலிப்பின்றிச் செய்யும். செடிக்குச் செடி தாவி நுனிப்புல் மேயும் ஆட்டுக்கு ஒரு மணி நேரச் சொற்பொழிவு பயன்படாது. பத்து நிமிடத்தில் ஒரு கருத்து, அதன் இறுதியில் ஒரு வினா என்பதே ஏற்றது.

அப்பாயிரம் மற்றொன்றும் கூறுகிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறையும். இணையப் பாடம் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் அது தருவது அந்த முதற் காற்பங்கே என்பதை நாம் மறத்தலாகாது. மற்ற முக்காற் பங்குக்குப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடவேண்டும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.

அமிதசாகரரை எண்ணிப் பாருங்கள். யாப்பருங்கலத்தை நூற்பாவால் செய்தவர் அவர். அதே பொருளைச் சுருக்கிக் கட்டளைக் கலித்துறையில், ஒரு பெண்ணை முன்னிலைப்படுத்தி அழைத்துச் சொல்லும் முறையில், யாப்பருங்கலக் காரிகையாகவும் தந்தார். எடுத்துக்காட்டுச் செய்யுள்களின் முதற்சொற்களைக் கோத்து, நினைவுக்கு உதவும் செய்யுள்களையும் உள்ளே வைத்தார். பிற்காலத்தில் மண்டலபுருடர் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவால் பாடினார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் அதனை ஓசையோடு மனனம் செய்தார்கள். கற்பவருக்காக நூலின் வடிவத்தை மாற்றுவதை நம் புலவர்கள் தம் புலமைக்கு இழுக்காகக் கருதவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாக, 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. பேராசிரியர் வா. செ. குழந்தைசாமி அதற்குத் தலைமை ஏற்று வழிநடத்தினார். உலகெங்கும் பரவி வாழும் தமிழரே அதன் முதன்மையான கற்போர். அவர்களுள் தமிழ் பேசவே அறியாத குழந்தை உண்டு. பேசத் தெரிந்தும் எழுத்தறியாத இளைஞர் உண்டு. இலக்கியத்தில் பட்டம் பெற விரும்புவோரும் உண்டு. ஆகவே மழலைக் கல்வி, சான்றிதழ்க் கல்வி, பட்டக் கல்வி எனப் படிகள் அமைந்தன; வெளிநாடுகளில் தொடர்பு மையங்களும் ஏற்பட்டன. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் இயங்குகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியபோது, பாடம் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் வந்தும் பல பிள்ளைகள் பின்தங்கினர். அதனால் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அவரவர் குடியிருப்பின் அருகிலேயே தன்னார்வலர் மாலையில் பாடம் சொன்னார்கள். திரை எட்டாத இடத்தை மனிதர் எட்டினர்.

இனி நம் இல்லங்களைப் பார்ப்போம். இவ்வூரில் 1962 முதல் சைனிக் பள்ளி இயங்கி வருகிறது. அங்கே பயிலும் மாணவர்கள் விடுதியிலேயே தங்கி, ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே நேரத்தில் படிக்கிறார்கள். நம் கற்போர் அத்தகையவர் அல்லர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனப் பகுதிகளிலிருந்து வேலை தேடி இவ்வட்டாரத்துக்கு வந்த குடும்பங்களில், பனியன் கம்பெனியில் கட்டிங்கிலும் செக்கிங்கிலும் நிற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் நாள்களில் 'ஒன்றரை ஷிப்ட்' முடித்து அவர்கள் வீடு திரும்ப இரவு ஒன்பது மணியாகும். நாம் மாலை ஆறரை மணிக்கு நேரலை வகுப்பு வைத்தால் அவர்களுக்குக் கதவை அடைத்தவர்கள் ஆவோம். பொழுது சாயும் முன் உணவை முடிக்கும் நோன்புடைய இல்லத்தரசியருக்கோ அந்த ஆறரை மணி மிக ஏற்றது. ஆனால், மாலை ஐந்து மணி வகுப்பு அவர்களுக்கு இயலாது. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதனைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால் பிள்ளைக்குப் பகலில் பாடம் இல்லை. ஆங்கிலவழியில் பயிலும் பிள்ளைகள் பலர் பஞ்ச நமஸ்காரத்தைப் பிழையின்றிச் சொல்கிறார்கள்; தமிழ் எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறார்கள். அவர்கள் கையில் சீவகசிந்தாமணியைக் கொடுத்துத் தொடங்குவது முறையாகுமா?

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த இரண்டு மாதம் ஒரு பாடத்தையும் பதிவு செய்ய வேண்டாம். இருவர் இருவராக வீடுகளுக்குச் செல்வோம். ஐந்து வினாக்கள் போதும்: வீட்டில் யார் யார் படிக்க விரும்புகிறார்கள்? தமிழை எந்த அளவு வாசிக்க இயலும்? எந்த நாள், எந்த வேளை ஒழிவு? கைப்பேசி யார் கையில் இருக்கிறது? எதைத் தெரிந்துகொள்ள ஆசை? வினாக்களைத் தாளில் நிரப்பச் சொல்லாமல் பேசிக் கேட்போம். வாசிக்கத் தடுமாறுபவரின் குறையை, வாசித்து நிரப்பும் தாள் காட்டித் தராது. வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்காமல் மருமகளிடமும் பேத்தியிடமும் தனித்தனியே கேட்போம். அதன்பின் ஒரே ஒரு பாடத்தை ஆக்கிப் பத்து வீடுகளில் கொடுத்து, அவர்கள் எங்கே நிறுத்தினார்கள், எங்கே மீண்டும் கேட்டார்கள் என்று பார்ப்போம். ஞாயிறுதோறும் கூடும் நேர்வகுப்பில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

இதனால் காலம் வீணாகும் என்று சிலர் கருதலாம். நம் தொகை சிறிது. படிக்க வந்து, தனக்கு இது எட்டாது என்று மனம் தளர்ந்து விலகும் பிள்ளை மறுமுறை வருவது அரிது. அந்த ஒரு பிள்ளையோடு ஒரு குடும்பத்தின் நூல் தொடர்பே அறுந்துபோகக் கூடும். அதனை எண்ணினால் இரண்டு மாதம் நீண்ட காலம் ஆகாது.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை நம் அறம் போற்றுகிறது. பசியறிந்து உணவிடுகிறோம். அஞ்சியவனைக் கண்டு அபயம் அளிக்கிறோம். நோயறிந்தே மருந்து கொடுக்கிறோம். சாத்திர தானத்துக்கும் அதே நெறியைக் கைக்கொள்வோமாக.