உடல் நடுங்கும்போது



பெத்தானியாவில் நண்பர் இலாசரின் கல்லறையருகே ஆண்டவர் இயேசு அழுதார் என யோவான் நற்செய்தி கூறுகிறது. கெத்சமனியில் அவருக்கு இரத்தத் துளிகளைப் போன்ற வியர்வை பெருகியது என லூக்கா எழுதுகிறார். உள்ளத்தின் துயரம் ஆண்டவரின் உடலிலும் வெளிப்பட்டது. ஆனால் நாமோ, அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே நெஞ்சு படபடக்க நிற்கும்போது, "எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது சாமி" என்று வருந்துகிறோம். இது சரிதானா?

உணர்ச்சிக்கும் உடலுக்கும் உள்ள உறவை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. உள்ளத்தில் எழுவது மெய்யில், அதாவது உடலில், புலப்படுவதே மெய்ப்பாடு. அச்சம், அழுகை, வெகுளி, உவகை உட்பட எட்டு மெய்ப்பாடுகளை அது சொல்கிறது. ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும். அழுகைக்கான காரணங்களில் இழப்பும் இருக்கிறது, வறுமையும் இருக்கிறது. ஏழையின் கண்ணீருக்கும் அந்த இலக்கண நூல் இடம் கொடுத்திருக்கிறது.

மேலைநாட்டு அறிஞர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள்: முதலில் வருவது எது? கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி ஏற்காடு மலைப்பாதையில் ஏறுகிறோம். ஒரு வளைவில் காட்டெருமை நிற்கிறது. பயந்ததால் உடல் நடுங்குகிறது என்போம். 1884-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இதைத் திருப்பிப் போட்டார். உடல் நடுங்குகிறது, அந்த நடுக்கத்தை உணர்வதே பயம் என்றார். 1927-இல் வால்டர் கேனன் இதை மறுத்தார். பயத்திலும் கோபத்திலும் இதயம் ஒரேபோல வேகமாகத் துடிக்கிறது, காய்ச்சலில்கூட அப்படித்தான். உடலை மட்டும் வைத்து இது பயம், இது கோபம் என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்டார்.

1962-இல் ஷாக்டர், சிங்கர் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வைட்டமின் ஊசி என்று சொல்லி, படபடப்பை உண்டாக்கும் அட்ரினலின் மருந்தைச் சில மாணவர்களுக்குச் செலுத்தினார்கள். படபடப்பின் காரணம் தெரியாத மாணவர்கள், உடனிருந்தவரின் மகிழ்ச்சியையோ கோபத்தையோ தங்களுடையதாக எடுத்துக்கொள்ள முற்பட்டார்கள் என்று முடிவு செய்தார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை உறுதி செய்யவில்லை. ஆனாலும் நம் வீடுகளுக்கு இதில் ஒரு செய்தி உண்டு.

தறியிலோ கொலுசுப் பட்டறையிலோ நாள் முழுவதும் உழைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். வெயில், பசி, தூக்கமின்மை, கடன்காரரின் போன். உடல் ஏற்கெனவே கொதிக்கிறது. அந்த நேரம் பிள்ளை தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துவிடுகிறது. உடனே, "எல்லாம் உன்னால்தான்" என்று கை ஓங்குகிறோம். நம் கொதிப்பு காலையிலிருந்தே சேர்ந்தது. அடி வாங்குவதோ பிள்ளை. பல குடும்பங்களில் கண்ணீர் இப்படித்தான் தொடங்குகிறது.

திருஅவை என்ன கற்பிக்கிறது? உணர்ச்சிகள் தம்மிலே நன்மையும் அல்ல, தீமையும் அல்ல என்கிறது கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி (எண் 1767). அறிவும் விருப்பமும் அவற்றை எங்கே கொண்டுசெல்கின்றன என்பதில்தான் நன்மையும் தீமையும் உள்ளன. எனவே நெஞ்சு படபடப்பது பாவம் அல்ல. விசுவாசக் குறைவும் அல்ல. கோபம் எழுவதும் பாவம் அல்ல. ஓங்கிய கையை இறக்குவதா, அடிப்பதா என்பது நம் பொறுப்பு. "உடம்பு அப்படி, நான் என்ன செய்ய?" என்று அங்கே தப்பிக்க முடியாது.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ் துயரத்துக்குச் சொன்ன மருந்துகளைக் கேட்டால் வியப்போம். கண்ணீர், நண்பரின் ஆறுதல், உண்மையைத் தியானிப்பது ஆகியவற்றோடு, உறக்கத்தையும் குளியலையும் சேர்த்திருக்கிறார்! ஆன்மாவைப் பற்றி அவ்வளவு எழுதிய புனிதர் உடலை மறக்கவில்லை.

ஆகவே இந்த வாரம் நாம் மூன்று காரியங்கள் செய்வோம். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கை கால் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, சற்று அமைதியாக உட்காருவோம். அதன்பின் பேசுவோம். இரண்டாவது, கொதிப்பின் உண்மையான காரணத்தை வீட்டாரிடம் சொல்வோம்: "எனக்குப் பசி", "கடனை நினைத்துப் பயமாக இருக்கிறது." மூன்றாவது, அழுகிறவரை, அவர் ஆணாகவே இருந்தாலும், அடக்காமல் அழவிட்டு அருகில் இருப்போம். படபடப்பும் பயமும் நாள்கணக்கில் விடாமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் போவோம். அதுவும் விசுவாசத்துக்கு எதிரானது அல்ல. பொழுது சாயுமுன் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளத் திருத்தூதர் பவுல் எபேசியருக்குச் சொன்ன அறிவுரை நமக்கும் உரியது.

நம்மைப்போல உடல் எடுத்து, நம்மைப்போல அழுது வியர்த்த ஆண்டவர், நம் நடுக்கத்தையும் கொதிப்பையும் அறிவார். அவர் நம் இல்லங்களுக்கு அமைதி அருள்வாராக. ஆமென்.