பள்ளிக்கூடம் பூட்டினாலும் படிப்பு பூட்டக் கூடாது

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வேலைநாள், வீடு பற்றியெல்லாம் இந்தக் கூட்டங்களில் பல தடவை பேசியிருக்கிறோம். இன்று பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் சங்கத்தின் வேலைதான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக இரண்டு வருடம் போனது. 2022இல் பெற்றோல், டீசல் இல்லாமல் மறுபடி பூட்டினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, பாடசாலைகள் திரும்பவும் மூடின. இன்னொரு தடவை வராது என்று யாராலும் சொல்ல முடியாது. வருவதற்கு முன்னே நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்கிறோம். கொரோனா நேரத்தில் ஆசிரியர்களாகிய நாங்கள் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். அனுப்பியதோடு படிப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். வீட்டில் இருப்பது ஒரு போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அந்தியில் போன் வந்தால் டேட்டா இருக்காது. டேட்டா இருந்தால் சிக்னல் இருக்காது. 2021இல் இதே பதுளை மாவட்டத்தில் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள், ஆசிரியையோடு காட்டு வழியே மலையேறி சிக்னல் தேடிய செய்தி உலகமெல்லாம் போனது. அப்படி ஏற முடியாத பிள்ளைகளை யார் பார்த்தார்கள்?

பாடசாலை திறந்தபோது சில வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. அந்தப் பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போயிருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டோம். சிலர் வந்தார்கள், சிலர் வரவேயில்லை. கையில் காசு பார்த்த பிள்ளையைத் திரும்ப வாங்கில் உட்காரவைப்பது லேசான காரியமல்ல.

அம்மாமாரிடம் பேசினால் ஒரே பதில்தான்: "எங்களுக்கு என்னா தெரியும், நாங்க படிச்சவங்களா?" படிக்காதது உங்கள் குற்றமல்ல. 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. ஆனால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

காலையில் 7 கிலோ, பகல் 6, பின்னேரம் 5 என்று கொழுந்து நிறுக்கிறீர்கள். மொத்தம் 18. தண்ணீருக்கு 2 கிலோ கழித்தால் 16. இந்தக் கணக்கை மனதிலேயே போடுகிறீர்கள். அதைப் பிள்ளையிடம் சொல்லி, கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மொனராகலைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் லீற்றர் கணக்கைக் கொடுங்கள்.

பெரிய பிள்ளையிடம் சம்பளச் சீட்டைக் கொடுங்கள். சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் கழிக்கிறார்கள், நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். 20,000 ரூபாவுக்கு 1,600, 2,400; சேர்த்து 4,000. பிள்ளை வீதக் கணக்கும் படிக்கும், உங்கள் உரிமைக்கும் காவலாக இருக்கும்.

வாசிக்கத் தெரியாத அம்மா வாசிப்பை எப்படிக் கவனிப்பது? பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டைப் பார்த்து நாங்கள் சொல்லிக் கொடுப்போம். வாசித்து முடிந்ததும் "என்ன கதை, பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கேட்க ஒரு ஆள் இருந்தாலே பிள்ளை வாசிக்கும். தாத்தா பாட்டியிடம் காமன் கூத்துக் கதையைக் கேட்டு எழுதட்டும்; அதுவும் தமிழ்ப் பாடம்தான்.

அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. அக்காமார் மலையால் வந்து தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, அதற்கு மேல் பிள்ளையின் படிப்பையும் பார்க்க முடியாது. ஒரு அரை மணித்தியாலம் டீவியை நிறுத்திவிட்டு, நீங்கள் பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள்.

வீட்டால் முடியாததைச் சங்கம் செய்ய வேண்டும். ஒரே காம்பராவில் ஆறு பேர் இருந்தால் பிள்ளை எங்கே படிக்கும்? பாடசாலை பூட்டும் நாட்களில் பிள்ளைக்காம்பரா வராந்தாவையோ கோயில் மண்டபத்தையோ பின்னேரம் திறந்துவிடக் கேட்போம். போன் இல்லாத வீடுகளுக்குப் பயிற்சித்தாளை அச்சடித்துக் கொண்டுவருவது ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பு. சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள் லயத்துக்கு ஒருவராகச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். ஒரு பிள்ளை இரண்டு கிழமை தாள் வாங்க வராவிட்டால், கமிட்டியில் ஒருவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பையன் கொழும்பு பஸ் ஏறிய பிறகு போய்ப் பிரயோசனமில்லை.

ஒவ்வொரு லயத்திலும் படிப்பைக் கவனிக்க யார் பொறுப்பு? இன்று கூட்டம் கலைவதற்கு முன்னே அந்தப் பெயர்களை எழுதிக்கொள்வோம். கொப்பியைத் திறந்து வைத்திருக்கிறோம். முதல் பெயரைச் சொல்லுங்கள்.